கூடிக்கொண்டு போகும் விரதங்கள்

கடிதம் நாலு பக்கம் இருந்தது. ஊரும் ஆளும் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

"டொக்டர் அக்கா, எனக்கு 37 வயது. வன்னிப் பக்கம். கலியாணம் முடித்து 14 வருசம், இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு 12 வயது. இவர் மேசன் வேலை. குடி இல்லை, அடி இல்லை, ஒரு குறையும் சொல்லமாட்டன். நான் காமென்ட் (ஆடைத் தொழிற்சாலை) வேலைக்குப் போறன். இரவில் இவர் கிட்ட வந்தால் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. கெதியாய் முடியட்டும் என்று கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டு கிடப்பன். எரிவும் இருக்கு. அடுத்த நாள் சலம் போகேக்கையும் எரியும். மற்றவர்கள் சொல்லுற அந்தச் சந்தோசம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. வெள்ளி, செவ்வாய் விரதத்தோட இப்ப சட்டி, பூரணை, ஏகாதசி எல்லாம் பிடிக்கிறன். சாமிக்காக இல்லை அக்கா, இவரிட்ட இருந்து தப்பத்தான். சாமியை ஏமாத்துறமாதிரி இருக்கு. தொடையில் 2009 யுத்தத்தில் பட்ட செல் காயம். அந்தத் தழும்பை இவர் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. மாமியும் எங்களோடதான். எங்கட அறைக்குக் கதவு இல்லை, சீலைதான் கட்டியிருக்கு. மூன்று மாதக் கருத்தடை ஊசி போடுறன், அதாலயா? எல்.ஆர்.ரி. (கருத்தடைச் சத்திரசிகிச்சை) செய்தால் இருக்கிற கொஞ்சமும் போயிடும் என்று சொல்லுகினம். எனக்கு ஏதும் வருத்தமா? இதைக் கேட்கிறதே பிழையா?"

தங்கச்சி,

கேட்டது பிழை இல்லை. இதை எழுத உங்களுக்கு எத்தனை இரவு எடுத்திருக்கும் என்று அந்த நாலு பக்கத்தையும் பார்த்தாலே தெரிகிறது. மூன்று விதமான பேனா மை இருக்கிறது.

விரதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்களை அதிகம் அரிக்கிறது. நீங்கள் சாமியை ஏமாற்றவில்லை. "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல வேறு வழி தெரியாத ஒரு பெண்ணுக்கு, வீட்டில் யாரும் காரணம் கேட்காத ஒரே "வேண்டாம்" விரதம்தான். கிளினிக்கில் இந்தக் கதையை நான் பல வாயால் கேட்டிருக்கிறேன். ஒருவருக்குத் தலையிடி, இன்னொருவருக்குப் பிள்ளையின் காய்ச்சல், வேறொருவருக்கு விடிய எழும்ப வேண்டும். இப்படி ஒளிந்து சொல்லும் "வேண்டாம்" என்ற சொல்லை நேராகச் சொல்லும் வழியை, இந்தப் பதிலின் பின்பகுதியில் சொல்கிறேன்.

அதற்கு முதல் எரிவு. நாலு பக்கத்தில் அதற்கு இரண்டு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டு வரியும்தான் முக்கியம். நோகிற ஒன்றை எந்த உடம்பும் ஆசைப்படாது. அடுப்பில் ஒருதரம் கை சுட்டால், அடுத்த தரம் கிட்டப் போக முன்னமே கை பின்னுக்கு இழுக்கும். அதேபோல, ஒவ்வொரு தரமும் எரிந்தால், அவர் தோளில் கை வைத்த உடனேயே கீழே தசைகள் இறுகிக்கொள்ளும். இறுகினால் இன்னும் நோகும், நொந்தால் இன்னும் இறுகும். ஆசை இல்லாமல் போனதால் நோகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு நோவுதான் முதலில் வந்தது, ஆசை அதற்குப் பிறகுதான் போனது.

எரிவுக்குக் காரணம் பல. உடம்பு ஆயத்தமாக முன்னமே உறவு தொடங்குவது ஒன்று. பெண்ணுக்குக் கிளர்ச்சி வரும்போது கீழ்ப்பக்கம் இரத்த ஓட்டம் கூடும், யோனிச் சுவரில் ஈரம் கசியும், உள்ளே இடம் நீண்டு விரியும். இதற்கு நேரம் வேண்டும். சிலருக்குக் கால் மணித்தியாலம், சிலருக்கு அதைவிடக் கூட. ஐந்து நிமிசத்தில் முடிகிற உறவில் பெண்ணின் உடம்பு இன்னும் வாசலுக்கே வந்திருக்காது. பங்கசுத் தொற்று இன்னொன்று. வெள்ளைபடுதலும் கடியும் இருந்தால் சொல்லுங்கள். சலத் தொற்றும் இருக்கலாம். நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன்: டெட்டோல் விட்டுக் கழுவுகிறீர்களா? வாசனைச் சோப்பு? எங்கள் பகுதியில் "சுத்தமாய் இருக்கவேணும்" என்று டெட்டோலை வாளித் தண்ணீரில் விட்டு உள்ளே கழுவுகிற பழக்கம் நிறைய. அது அங்கே இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று, தோலைக் காய வைத்து, எரிவைக் கூட்டும். வெறும் தண்ணீர் போதும், அதுவும் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

ஆகவே முதலில் பரிசோதனை. உங்கள் பிரிவு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வெல் வுமன் கிளினிக் நடக்கும். இலங்கையில் 1996 முதல் இருக்கிறது, 35 வயதைத் தாண்டியவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், நீங்கள் அந்த வயது தாண்டிவிட்டீர்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை, மார்புப் பரிசோதனை, பிரசர், சீனி எல்லாம் பார்ப்பார்கள், காசு இல்லை. எந்த நாள் என்று உங்கள் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும், நீங்கள் "மிஸ்" என்று கூப்பிடுகிறவர்தான். அங்கே போய்ச் சுற்றிவளைத்துக் கதைக்க வேண்டாம். இந்த ஒரு வசனத்தை அப்படியே சொல்லுங்கள்: "புருசனோடு சேரும்போது எரியுது, அடுத்த நாளும் எரியுது." வாயால் வராவிட்டால் துண்டில் எழுதிக் கொடுங்கள். இரத்தச்சோகையும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டுமே ஆளைக் களைக்க வைத்து ஆசையைக் குறைக்கக்கூடியவை. மன அழுத்தத்துக்கு ஏதும் குளிசை குடிக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். அந்தக் குளிசைகளில் சில ஆசையையும் உச்சத்தையும் பின்தள்ளும். ஆனால் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், மாற்றுக் குளிசை உண்டு.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்று மாத ஊசி சிலருக்கு ஆசையைக் குறைக்கிறது, சிலருக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஊசி தொடங்க முன் நன்றாக இருந்து தொடங்கிய பிறகு மாறியிருந்தால் சந்தேகப்படலாம். உங்களுக்கோ கலியாணம் முடித்த நாள் முதல் இப்படித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே ஊசிதான் முழுக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. விருப்பமென்றால் செப்பு லூப்புக்கு மாறலாம், அதில் ஓமோன் கிடையாது. எல்.ஆர்.ரி. பற்றி ஊரில் சொல்வது பிழை. அதில் வெட்டிக் கட்டுவது முட்டை போகிற குழாயை மட்டும்தான். சூலகத்தைத் தொடுவதில்லை, ஓமோன் அப்படியே சுரக்கும். இன்னொரு பிள்ளை தங்கிவிடுமோ என்ற பயம் போனதால் அதன் பிறகு நிம்மதியாக இருக்கிறேன் என்று சொன்ன பெண்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும்.

சரி, இப்போது அந்த "ஒரு நாளும் வந்ததில்லை" என்ற சந்தோசத்துக்கு வருகிறேன்.

இதைப் பேச எங்களிடம் சொல்லே இல்லை, தங்கச்சி. பெண்ணின் கீழ்ப்பக்கத்துக்குத் தமிழில் இரண்டு வகைச் சொல்தான் இருக்கிறது: ஒன்று சந்தியில் சண்டை பிடிக்கும்போது கத்துகிற தூசணம், மற்றது பாடப்புத்தகத்தில் படம் போட்டு அம்புக்குறி இட்ட சொல். ஒரு பெண் தன் புருசனிடம் காதோடு சொல்லக்கூடிய சொல் ஒன்றை யாரும் எங்களுக்குத் தரவில்லை. அதனால்தான் 14 வருசம் கூடப் படுத்தவரிடம் "அங்கே இல்லை, இங்கே" என்று சொல்ல முடியாமல் இருக்கிறது. நான் மருத்துவம் படித்த காலத்தில் கர்ப்பம், பிரசவம், தொற்று எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படித்தோம். பெண்ணின் இன்பம் பற்றி ஒரு மணித்தியாலம்கூட யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அதைப் பிறகு தேடித்தான் படித்தேன், தேடியதில் எனக்கே கோபம் வந்தது.

யோனி வாசலுக்கு மேலே, சலம் போகிற துவாரத்துக்கும் மேலே, உதடுகள் சேரும் இடத்தில் ஒரு சிறிய மொட்டு இருக்கிறது. கிளிட்டோரிஸ் என்று பெயர். வெளியே தெரிவது நுனி மட்டும்தான். பெரும்பகுதி உள்ளே யோனியின் இரண்டு பக்கமும் இறங்கிப் போகிறது. ஆஸ்திரேலிய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹெலன் ஓ'கொனல், பாடப்புத்தகங்கள் இதைச் சரியாகக் காட்டவில்லை என்று ஆராய்ந்து எழுதியது 1998இல்தான். இந்த உறுப்புக்கு இன்பத்தை உணர்வதைத் தவிர வேறு வேலை தெரியாது. பெரும்பாலான பெண்களுக்கு உச்சம் இதன் வழியாகத்தான் வருகிறது. அமெரிக்காவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், உள்ளே செல்லும் உறவு மட்டுமே போதும் என்று சொன்ன பெண்கள் 18 வீதம்தான். அதே வருசம் அங்கே வந்த இன்னோர் ஆய்வில் 50,000 பேருக்கு மேல் கேட்டார்கள். பெண்ணோடு உறவுகொள்ளும் ஆண்களில் 95 வீதமானோருக்கு வழமையாக உச்சம் வருகிறது, ஆணோடு உறவுகொள்ளும் பெண்களில் 65 வீதம். பெண்ணோடு உறவுகொள்ளும் பெண்களில் 86 வீதம். இந்தக் கடைசி எண்ணை நான் எப்போதும் சொல்லுவேன். ஏனென்றால் பெண் உடம்பு "மந்தம்" என்றால் அந்த எண் வந்திருக்காது. எங்கே, எப்படி, எவ்வளவு நேரம் தொடுகிறோம் என்பதில்தான் விசயம். இவை அமெரிக்கக் கணக்குகள், வன்னிக் கணக்கு இல்லை. ஆனால் நரம்பும் இரத்தமும் எங்கும் ஒன்றுதான். உங்கள் உடம்பில் குறை இருப்பதாக உங்கள் கடிதத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இதுவரை யாரும், நீங்கள் உட்பட, அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் உட்பட என்று எழுதியதை யோசித்துத்தான் எழுதினேன். குளிக்கும் இடத்தில், தனியாக, உங்கள் உடம்பை நீங்களே தொட்டு எது நல்லாய் இருக்கிறது, எது இல்லை என்று அறிந்துகொள்வதில் பாவமும் இல்லை, வருத்தமும் வராது. கண்ணாடி பிடித்துப் பார்த்த ஒரு பெண் "40 வயதில்தான் என்னையே பார்த்தேன்" என்று என்னிடம் அழுதிருக்கிறார். உங்களுக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்?

ஆசை முதலில் வரவேண்டும், பிறகுதான் மற்றது என்று நினைக்கிறீர்கள். கனடா வைத்தியர் ரோஸ்மேரி பாசன் 2000ஆம் ஆண்டில் எழுதியது எனக்கு மிகவும் உதவியது: நெடுநாள் சேர்ந்து வாழும் பெண்கள் பலருக்கு ஆசை முன்னால் வராது, நெருக்கமும் இதமான தொடுகையும் தொடங்கிய பிறகுதான் அதன் பின்னால் வரும். "தானாய்த் தோன்றுவதில்லை" என்பது வருத்தம் இல்லை. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நோவு இருக்கக்கூடாது, எந்த நேரமும் நிறுத்தச் சொல்ல முடியவேண்டும். அது இல்லாமல் "தொடங்கினால் வரும்" என்று யாரும் உங்களைச் சமாதானப்படுத்தினால் நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். மோட்டார்சைக்கிளில் பிரேக்கை அழுத்திக்கொண்டு எவ்வளவு முறுக்கினாலும் வண்டி போகாது, இரைச்சல்தான் வரும். உடம்பிலும் கிளர்ச்சியைக் கூட்டுகிற ஏற்பாடு ஒன்று, அடக்குகிற ஏற்பாடு ஒன்று என்று இரண்டு உண்டு. உங்கள் கடிதத்தை வாசித்தால் பிரேக்குகள்தான் வரிசையாக நிற்கின்றன. சீலைக்கு அந்தப்பக்கம் மாமி இருமுகிறா. மகள் பெரியவளாகிறாள், முழித்திருக்கிறாளோ தெரியாது. விடிய 3.45க்கு எழும்பிச் சமைத்து 5.30 பஸ்ஸைப் பிடிக்கிறீர்கள். புதன்கிழமை லோன்காரர் வருவார் என்று செவ்வாய் இரவு நித்திரை இல்லை என்று வேறு எழுதியிருந்தீர்கள். நித்திரையைச் சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள். 2015இல் மிச்சிகனில் 171 மாணவிகளைக் கவனித்த ஓர் ஆய்வில், ஒரு மணித்தியாலம் கூடுதலாகத் தூங்கிய நாளுக்கு அடுத்த நாள் துணையோடு சேரும் வாய்ப்பு 14 வீதம் கூடியிருந்தது. பிள்ளை குட்டி இல்லாத மாணவிகளுக்கே அப்படி. இரவில் பாத்திரம் கழுவுவதையும் பிள்ளைகளின் சப்பாத்து, புத்தகம் எடுத்துவைப்பதையும் அவர் செய்தால் உங்களுக்கு அந்த ஒரு மணித்தியாலம் கிடைக்கும். இதை நான் குடும்ப நீதிக்காக மட்டும் சொல்லவில்லை, மருந்தாகவே சொல்கிறேன்.

தழும்பைப் பற்றி மெதுவாகச் சொல்லவேண்டும். 2009இல் உங்களுக்கு 20 வயது. பங்கருக்குள் நாள் கணக்காக, பிறகு முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் மாதக் கணக்காக, உடுப்போடேயே குளித்து, ஆட்கள் பார்க்க வரிசையில் நின்று கழிப்பிடம் போய் வந்த வயது அது. உடம்பை மறைத்துவை, சுருங்கு, சத்தம் போடாதே என்று அந்த வயதில் கற்றுக்கொண்ட உடம்பை, மூன்று வருசம் கழித்துக் கலியாண இரவில் திற என்றால் எப்படித் திறக்கும்? இருட்டில் ஒரு பாரம் மேலே விழும்போது உடம்பு அங்கே கிடக்க, நீங்கள் மட்டும் கூரைக்குப் போய் ஓடு எண்ணுகிறீர்கள். அந்த ஓடு எண்ணுவது உங்களைக் காப்பாற்றிய பழக்கம். அதற்காக உங்களைக் குறைசொல்லாதீர்கள். மற்ற நேரங்களிலும் இப்படி விலகிப்போவது, கெட்ட கனவு, திடீர்ச் சத்தத்துக்குப் பதறுவது இருந்தால், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக முன் கதைக்க வேண்டுமென்றால் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. மற்றப்படி, சின்ன மாற்றங்கள் உதவும். சிறு வெளிச்சம் ஒன்று எரியட்டும். அவர் மேலே இருக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. பக்கத்தில் படுக்கலாம், நீங்கள் மேலே இருக்கலாம், எழும்பிப் போக வழி உங்கள் பக்கம் இருக்கலாம். தழும்பை எப்போது காட்டுவது, காட்டுவதா என்பது உங்கள் விருப்பம்.

இப்போது நான் தரும் மருந்து: ஒரு மாதத்துக்கு உடலுறவு வேண்டாம். விரதத்தைச் சாட்டி இல்லை, அவருக்கும் சொல்லி, இருவரும் ஒத்துக்கொண்டு. "டொக்டர் சொன்னவ, புண் ஆறவேணும்" என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. அந்த மாதத்தில் கிழமைக்கு இரண்டு நாளாவது கால் மணித்தியாலம் ஒருவரை ஒருவர் தொடுங்கள். முதல் இரண்டு கிழமை தலை, முதுகு, கை, கால் மட்டும். தொடப்படுகிறவர் ஒரே ஒரு வேலை செய்யவேண்டும்: "இது நல்லாய் இருக்கு", "இது வேண்டாம்", "இன்னும் மெதுவாய்" என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். மூன்றாம் கிழமை மற்ற இடங்கள், அப்போதும் உறவு இல்லை. இது மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1970இல் எழுதிய முறையிலிருந்து வந்தது, இன்றைக்கும் பயன்படுகிறது. அடுத்தது என்ன நடக்குமோ என்ற பயம் இல்லாதபோதுதான் உடம்பு தொடுகையைத் தொடுகையாக உணரத் தொடங்கும். பிறகு உறவுக்குத் திரும்பும்போது பாமசியில் தண்ணீர் அடிப்படையிலான ஜெலி கேட்டு வாங்குங்கள். தேங்காயெண்ணெயும் சிலருக்குச் சரிவரும், ஆனால் ஆணுறை போட்டால் எண்ணெய் கூடாது, ரப்பர் கிழியும்.

அவரிடம் எப்படிக் கதைப்பது? படுக்கையில் வேண்டாம். இருவரும் வண்டியில் போகும்போது, அல்லது வயல் வரம்பில், முகம் பார்க்காமல் கதைக்கக்கூடிய இடத்தில் தொடங்குங்கள். "உங்களில் குறை இல்லை, எனக்கு நோகுது, 14 வருசமாய் சொல்லேல்லை" என்ற வசனம் போதும். நல்ல மனுசனுக்கு அது சுடும். சுட்டாலும் கேட்பார். உங்கள் கடிதத்திலிருந்து பார்த்தால் அவர் கெட்டவர் இல்லை, ஒன்றும் தெரியாதவர். அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதை வாசிக்கும் மற்றப் பெண்களில் சிலருக்கு வீட்டில் இருப்பவர் அப்படியல்ல என்பது எனக்குத் தெரியும். நோகுது என்றாலும் நிறுத்தாதவர், குடித்துவிட்டு வருபவர், மறுத்தால் அடிப்பவர். அவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. முதலில் பாதுகாப்பு. பெண்களுக்கான 1938 இலக்கம், மாவட்ட ஆஸ்பத்திரியில் "நட்பு நிலையம்", 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், இவை உங்களுக்காக இருப்பவை. புருசன் இல்லாமல், அல்லது காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டு, தனியே குடும்பம் நடத்தும் பெண்களிடமிருந்தும் எனக்குக் கடிதம் வருகிறது. அவர்கள் ஆசையைப் பற்றி எழுதிவிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள். மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. அவர்களுக்கென்று தனியாக எழுதுவேன்.

தங்கச்சி, கதவைப் பற்றி ஒன்று. 550,000 ரூபா வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு என்று எழுதியிருந்தீர்கள். சுவரும் கூரையும் எழும்பி உள் கதவுக்கு வரும்போது காசு முடிந்துபோன வீடுகள் எங்கள் பக்கம் எத்தனையோ. மாமியைக் குறைசொல்லி ஒன்றும் ஆகாது, அவவுக்கும் சீலைக்கு இந்தப்பக்கம் கூச்சமாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டுக்காரர் ஊர் முழுக்கக் கதவு நிலை வைக்கிறவர். சொந்த அறைக்கு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். பழைய பலகைக் கதவானாலும் பரவாயில்லை, உள்ளே ஒரு திறாங்கு போடவேண்டும். மகள் படுக்கும் அறைக்கும் ஒன்று, அவளுக்கும் 12 வயது.

அடுத்த ஊசித் திகதிக்கு முன்னமே கிளினிக்குக்குப் போங்கள், ஊசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். உடம்பைப் பரிசோதிக்கப் பெண் ஊழியர்தான் வேண்டும் என்று கேட்கலாம். நொந்தால் நிறுத்தச் சொல்லலாம். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.